கவனக்குறைவு என்று எழுதுவதற்கு முன்னால்...



ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று மலர்க்குழுவில் கேட்டபோது, "மூளை எப்படி வேலை செய்கிறது என்று எழுதுகிறேன்" என்றேன். "மெக்கானிக்கல்காரனுக்கும் மூளைக்கும் என்னடா சம்பந்தம்?" என்று ஒருத்தன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருந்தார். கார் கம்பெனிக்கு நேராகச் சப்ளை செய்கிற பெரிய கம்பெனி அல்ல. அப்படிச் சப்ளை செய்பவருக்குச் சப்ளை செய்கிற சின்ன இடம். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் விடியற்காலை 4 மணிக்கு அவருடைய வலது கை ஆட்காட்டி விரலும் நடுவிரலும் டைக்குள் போய்விட்டன. சில நாள் கழித்து விபத்து அறிக்கையின் நகல் ஒன்று வீட்டுக்கு வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் அவருடைய அம்மா அதை என்னிடம் எடுத்து வந்தார்கள். எங்கள் தெருவில் பாலிடெக்னிக் வரைக்கும் போனவன் நான்தான்.

'விபத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் 'நெக்ளிஜன்ஸ் ஆஃப் ஆபரேட்டர்' என்று எழுதியிருந்தது. "கவனக்குறைவுன்னு போட்டிருக்காங்க பெரியம்மா" என்றேன். "அப்போ தப்பு என் புள்ள மேலதானாப்பா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "அப்படித்தான் எழுதியிருக்கு" என்று சொல்லிக் காகிதத்தை மடித்துக் கொடுத்தேன். இன்றைக்கு வரைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. அதற்குப் பிறகுதான் மூளையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படித்த வரையில் எனக்குத் தோன்றுவது, அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தது காரணமே அல்ல என்பதுதான்.

மூளை என்றால் நமக்குப் பள்ளிக்கூடத்தில் பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று படம் வரைந்து பாகம் குறிப்பதோடு சரி. பெரியவர்களுக்கு அது 1.4 கிலோவுக்குள் இருக்கும். உள்ளே ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள். உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. வாட் கணக்கில் சொன்னால் சுமார் 20 வாட், அதாவது நம் ஹாஸ்டல் எல்.இ.டி. டியூப் லைட் அளவு! அந்த 20 வாட்டில்தான் பார்ப்பது, கேட்பது, காதலிப்பது, அரியர் எழுதுவது எல்லாம் நடக்கிறது.

நரம்பு என்றதும் ஒயரில் கரண்ட் ஓடுவது போலக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்தி போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு செல்லுக்குள் செய்தி மின்துடிப்பாகப் போகிறது. அடுத்த செல்லுக்குத் தாவும் இடத்தில் பெரும்பாலும் ரசாயனமாக மாறிப் போகிறது. 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தவளையின் நரம்பில் இந்த வேகத்தை அளந்தார். நொடிக்கு 30 மீட்டர்கூட வரவில்லை. நம் கை நரம்பில் நொடிக்கு 50, 60 மீட்டர் வரை போகும். மணிக்கு 200 கிலோமீட்டர் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வேகம்தான். ஆனால் மெஷினோடு போட்டி போடப் போதாது.

நம்பிக்கை இல்லாதவர்கள் இப்போதே செய்து பார்க்கலாம். நண்பனிடம் 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றைக் கொடுத்து, பூஜ்யம் கீழே வரும்படி செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் தொடாமல் நிற்கட்டும். அவன் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் 18-க்கும் 25-க்கும் நடுவில் பிடித்தார்கள். முதல் வருட ஃபிசிக்ஸில் படித்த 'அரை ஜி டி ஸ்கொயர்' போட்டுப் பாருங்கள். 20 செ.மீ. விழுந்தால் 0.2 நொடி. கண் பார்த்து, மூளை முடிவு செய்து, விரலுக்குக் கட்டளை வருவதற்கு ஆன நேரம் அது. இத்தனைக்கும் ஸ்கேல் விழப் போகிறது என்று தெரிந்து, அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றோம்! அப்புறம் 17-ஆம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பிடிக்கச் சொன்னோம். மூன்று பேருக்கு ஸ்கேல் தரையில்தான் விழுந்தது.

இப்போது கொஞ்சம் நம்ம டிபார்ட்மென்ட் கணக்கு. மெஷினுக்கும் மனிதனுக்கும் நடுவே எவ்வளவு தூரம் வேண்டும் என்று கணக்கிட ஐ.எஸ்.ஓ. 13855 என்று ஒரு சர்வதேச விதிமுறை இருக்கிறது. அதில் மனிதனுடைய அசைவு வேகத்தை நொடிக்கு 1.6 மீட்டர் என்றும், கை மெஷினுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் 2 மீட்டர் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். 1.6-ஐ 0.2-ஆல் பெருக்குங்கள். 32 செ.மீ. வரும். "ஐயோ, எடு!" என்று மூளை நினைத்து, அந்த உத்தரவு வந்து சேருவதற்குள் கை ஒரு அடிக்கு மேல் போய்விடும். நிமிடத்துக்கு 60 ஸ்டிரோக் அடிக்கிற பிரஸ் என்றால் மேலிருந்து கீழே வர அரை நொடி. அந்த அரை நொடியிலும் கடைசித் துளிதான் ஆபத்தானது. அதற்குள் பார்த்து, புரிந்து, கையை இழுப்பது என்பது உலக சாம்பியனுக்கும் நிச்சயமில்லை.

"சூடான பாத்திரத்தைத் தொட்டா கை தானா வருதே?" என்று கேட்கலாம். வரும். அந்த வேலையை மூளைக்குக் காத்திராமல் தண்டுவடமே செய்துவிடுகிறது. ஆனால் தொட்ட பிறகுதான் செய்யும். பிரஸ்ஸில் தொட்ட பிறகு செய்ய என்ன இருக்கிறது?

சரி, முன்கூட்டியே கவனமாக இருந்தால் போதாதா? எல்லா ஷாப்பிலும் போர்டு மாட்டியிருக்கிறார்களே, 'கவனம் தேவை' என்று? நான் பேச வந்த விஷயமே இதுதான்.

முதல் வருடம் ஃபிட்டிங் ஷாப்பில் 'வி' ஜாயின்ட் போட்டது ஞாபகம் இருக்கிறதா? அரத்தைப் பிடிக்கத் தெரியாமல், தோள் வலித்து, மொத்த மனசும் அந்த இரும்புத் துண்டிலேயே இருந்தது. மூன்று மாதம் கழித்து? கை பாட்டுக்கு ராவியது. வாய் பாட்டுக்கு நேற்று பார்த்த மேட்சைப் பேசியது. இது சோம்பேறித்தனம் அல்ல. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, யோசித்துச் செய்யும் முன்பக்க மூளை மெல்ல விலகிக்கொண்டு, பழக்கத்தைக் கவனிக்கும் அடிமூளை முடிச்சுகளிடமும் சிறுமூளையிடமும் வேலையை ஒப்படைத்துவிடுகிறது. சைக்கிள் ஓட்டுவதும் டைப் அடிப்பதும் அதனால்தான் முடிகிறது. இப்படி ஒப்படைக்காவிட்டால் யாராலும் எதிலும் கைதேர முடியாது. ஆனால் ஒரு பீஸ் டையில் சிக்கிக்கொண்டு நிற்கும்போதும் பழக்கப்பட்ட கை வழக்கம் போலவே உள்ளே போகும். அன்று மட்டும் நிலைமை வேறு என்பது அந்தக் கைக்குத் தெரியாது. அனுபவசாலிக்கு ஏன் அடிபடுகிறது என்று நம் ஊரில் ஆச்சரியப்படுவார்கள். அனுபவம் இருப்பதால்தான் கை யோசிக்காமல் போகிறது!

கவனம் எத்தனை நேரம் நிற்கும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானப் படையினர் போகப் போக எதிரிகளின் அடையாளத்தைத் தவறவிட்டார்கள். அதற்காக நார்மன் மேக்வொர்த் என்பவர் ஒரு கடிகாரப் பரிசோதனை செய்து 1948-இல் வெளியிட்டார். முள் துள்ளித் துள்ளி நகரும். எப்போதாவது ஒரு தடவை இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைக் கண்டதும் பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் அரை மணி நேரத்திலேயே தவறவிடுவது கூடிவிட்டது. வந்தவர்கள் யாரும் விளையாட்டுப் பிள்ளைகள் இல்லை. உயிர் போகிற வேலையில் பயிற்சி பெற்றவர்கள். நம் கல்லூரி அக்காக்கள் எத்தனை பேர் ஸ்ரீபெரும்புதூரில் எலக்ட்ரானிக்ஸ் லைனில் எட்டு மணி நேரம் போர்டு இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறார்கள்! ஒரு பீஸ் தப்பாகப் போய்விட்டால் அவர்களை நிற்க வைத்துத் திட்டுகிற லைன் லீடர்களுக்கு யாராவது மேக்வொர்த்தைப் பற்றிச் சொன்னால் தேவலை.

கண் திறந்திருந்தால் பார்க்கிறோம் என்பதும் பொய். 1999-இல் அமெரிக்காவில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இருவர் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார்கள். சில பேர் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் நிதானமாக வந்து, மார்பில் தட்டிக்கொண்டு போவார். பார்த்தவர்களில் சுமார் பாதிப் பேர் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை! பந்தை எண்ணுகிறவனுக்குக் கொரில்லா தெரியவில்லை என்றால், பீஸை எண்ணுகிறவனுக்குத் தன் விரல் எப்படித் தெரியும்?

இன்னொரு சின்னக் கணக்கு. ஒரு ஷிப்டில் 3,000 பீஸ் என்று வையுங்கள். 3,000 தடவை கை உள்ளே போய் வெளியே வர வேண்டும். ஆபரேட்டர் நூற்றுக்கு 99.9 சரியாகச் செய்கிறார். நம்மில் யார் எந்தப் பேப்பரில் 99.9 வாங்கியிருக்கிறோம்? அப்படி வாங்கினாலும் ஷிப்டுக்கு 3 தவறு வருகிறது. அந்த மூன்றில் ஒன்று கையோடு சம்பந்தப்பட்டதாக இருந்துவிட்டால் போச்சு.

இதெல்லாம் பகல் கணக்கு. ராத்திரிக் கணக்கு வேறு. கண் நரம்புகள் இரண்டும் குறுக்கே சந்திக்கிற இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணி அளவில் ஒரு செல் கூட்டம் இருக்கிறது. நம் உடம்பின் கடிகாரம் அதுதான். உடம்புக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்புச் சூடு தணிந்து, விழிப்பும் அடிமட்டத்துக்குப் போகும். கண் திறந்தபடியே இரண்டு மூன்று நொடி தூங்கிவிடுவதும் உண்டு. நைட் ஷிப்டு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு வாரம் ஏ ஷிப்டு, ஒரு வாரம் பி, ஒரு வாரம் சி என்று மாற்றிப் போடுகிறார்களே, இந்தக் கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அளவில்தான் நகர்ந்து கொடுக்கும். அது நகர்ந்து முடிப்பதற்குள் ஷிப்டு மாறிவிடுகிறது. அண்ணனுக்கு அடிபட்டது 4 மணிக்கு என்று முதலில் எழுதினேன் அல்லவா? அதுவும் டபுள் டியூட்டி. மதியம் இரண்டு மணிக்கு ஏறியவர்.

1997-இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர், தூங்காமல் இருப்பவர்களையும் மது குடித்தவர்களையும் ஒரே பரிசோதனையில் ஒப்பிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவர்களைப் போலத் தடுமாறின. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவு 30 மில்லிகிராம்தான். குடித்துவிட்டு பைக் ஓட்டினால் பிடிக்கிறார்கள். பதினான்கு மணி நேரம் வேலை பார்த்தவனைப் பவர் பிரஸ் முன்னால் நிறுத்தினால் ஓ.டி. என்கிறார்கள்!

2023 ஏப்ரல் 21-இல் நம் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா ஒன்று நிறைவேறியது ஞாபகம் இருக்கலாம். தொழிற்சங்கங்களும் பல கட்சிகளும் எதிர்த்தன. மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். "வாரத்துக்கு மொத்தம் 48 மணி நேரம்தானே, நாலு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் லீவு எடுத்தால் என்ன?" என்று நம் வகுப்பிலேயே சில பேர் வாதாடினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூளை மணியைக் கூட்டிக் கழித்துப் பார்க்காது. முதல் மூன்று மணி நேரமும் கடைசி மூன்று மணி நேரமும் அதற்கு ஒன்றல்ல. செய்யாறிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் போக வர மூன்று நாலு மணி நேரம் ஆகிறது. 12-உம் 4-உம் 16. குளித்துச் சாப்பிட்டுப் புறப்பட ஒரு மணி நேரம். பதினேழு வந்துவிட்டதா?

நான் கவனமே வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் காலேஜுக்குக் கிளம்பும்போது "பாத்துப் போப்பா" என்று எங்கம்மா சொல்லாத நாள் கிடையாது. நானும் பார்த்துத்தான் போகிறேன். ஆனால் தவறு செய்வது மூளையின் இயல்பு என்று தெரிந்த பிறகு, தவறு செய்தாலும் கை தப்பும்படி மெஷினை அமைப்பதுதானே இன்ஜினியரிங்? அதற்கு வழி இல்லாமல் இல்லை. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்படி இரட்டைப் பட்டன் இருக்கிறது. கை குறுக்கே வந்தால் ராமை நிறுத்துகிற லைட் கர்ட்டன் இருக்கிறது. சாதாரண இரும்புக் கம்பிக் கூண்டு இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, மெஷினின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்றுதான் சொன்னது. தொழிலாளி கவனமாக இருந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடவில்லை. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய சட்டத் தொகுப்பு வந்தது. சட்டம் எதுவானாலும் கூண்டு கூண்டுதான்.

இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) நான் கண்ணால் பார்த்தது இது. இரட்டைப் பட்டன் உள்ள பிரஸ். இடது பட்டனில் ஒரு மரக் குச்சியைச் சொருகி, அது எப்போதும் அழுந்தியே இருக்கும்படி செய்திருந்தார்கள். ஆபரேட்டர் வலது கையால் மற்ற பட்டனை அழுத்திக்கொண்டு, இடது கையால் பீஸ் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். "ஏன்ணா இப்படி?" என்றேன். "ரெண்டு கையாலயும் அழுத்தினா எண்ணிக்கை வராது தம்பி" என்றார். யார் குச்சி வைத்தது என்று கேட்டேன். சிரித்தார். பக்கத்திலேயே சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். நாளைக்கு அந்த இடது கை போனால், குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு 'நெக்ளிஜன்ஸ்' என்று எழுதுவார்கள். அந்தக் குச்சி எங்கே இருந்து வந்தது? டார்கெட்டிலிருந்து வந்தது.

நம் பக்கத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அரியானாவில் மானேசர் பகுதியில் 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு, வாகன உதிரிபாகத் தொழிலில் விரல் இழந்தவர்களைச் சந்தித்து 2019 முதல் 'க்ரஷ்ட்' என்ற பெயரில் அறிக்கை வெளியிட்டு வருகிறது. அதில் கையைக் காவு வாங்கும் மெஷின்களில் பவர் பிரஸ்தான் முதலிடம். கார் கம்பெனியின் உள்ளே ரோபோ வெல்டிங் செய்கிறது. நாம் வாய் பிளந்து பார்த்துவிட்டு வருகிறோம். அந்தக் காரின் ஒரு பிராக்கெட் எந்தத் தகரக் கொட்டகையில் அடிக்கப்பட்டது என்று யாரும் கூட்டிப் போய்க் காட்டுவதில்லை.

நாம் மட்டும் யோக்கியமா? நம்ம ஒர்க்‌ஷாப்பிலேயே பெஞ்ச் கிரைண்டரின் கண்ணாடி மறைப்பைத் தூக்கி மேலே மடித்துவிட்டுத்தானே டூல் தீட்டுகிறோம்! காகிள்ஸைக் கேட்டால் "மச்சி, ரெண்டு நிமிஷ வேலைடா" என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

விரல் போன பிறகு மூளைக்கு என்ன ஆகிறது என்பது இன்னொரு கதை. எனக்கு இதுதான் ரொம்ப ஆச்சரியம். அடிபட்டு மூன்று மாதம் கழித்து அண்ணன் ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இல்லாத விரல் முறுக்கிக்கிட்டு வலிக்குதுடா தம்பி. வெளிய சொன்னா பைத்தியம்னு சொல்லுவாங்க." பைத்தியம் இல்லை. 1930-களில் கனடாவின் மான்ட்ரியலில் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை லேசான மின்சாரத்தால் தொட்டு, எந்த இடத்தைத் தொட்டால் உடம்பின் எந்தப் பாகத்தில் உணர்ச்சி வருகிறது என்று வரைபடம் போட்டார். ஹெட்போன் மாட்டினால் அதன் பட்டை தலைமேல் போகும் கோட்டில் அந்த வரைபடம் இருக்கிறது. முதுகுக்கும் வயிற்றுக்கும் அதில் கொஞ்சம் இடம்தான். உதட்டுக்கும் கைவிரலுக்கும் மிகப் பெரிய இடம்! உடம்பின் அளவுப்படி இடம் ஒதுக்கவில்லை, நுட்பமான வேலையின் அளவுப்படி ஒதுக்கியிருக்கிறது. விரல் போனாலும் மூளைக்குள் விரலின் இடம் போவதில்லை. அதனால்தான் இல்லாத விரல் வலிக்கிறது.

இதில் நமக்குப் பெருமையான பெயர் ஒன்று உண்டு. வி.எஸ். ராமச்சந்திரன். 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர். கையை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டபோது, இல்லாத கையைத் தொடுவது போல இருப்பதாக அவர் சொன்னார். வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம்; காலியான இடத்துக்கு முகம் குடி வந்துவிட்டது என்று ராமச்சந்திரன் விளக்கினார். ஆனால் 2025-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. கை எடுப்பதற்கு முன்பும் எடுத்த பின்பும் மூன்று பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கையின் இடம் அப்படியே இருந்தது, யாரும் குடி வரவில்லை! விளக்கம் மாறலாம். ஆனால் 1990-களில் ராமச்சந்திரன் செய்த கண்ணாடிப் பெட்டி இன்றும் பயன்படுகிறது. ஒரு பெட்டியின் நடுவில் கண்ணாடி. நல்ல கையை அதற்கு முன்னால் வைத்து அசைத்தால், போன கை திரும்பி வந்து அசைவது போலக் கண்ணுக்குத் தெரியும். முறுக்கிக்கொண்ட இல்லாத கை விரிவதை மூளை பார்த்துச் சிலருக்கு வலி குறைகிறது. எல்லோருக்கும் குறைவதில்லை.

நானும் என் நண்பனும் கார்பென்ட்ரி ஷாப்பில் மிச்சம் கிடந்த பிளைவுட்டில் ஒன்று செய்தோம். கண்ணாடி சலூனில் கேட்டு வாங்கியது. அண்ணன் இடது கையை வைத்து மெதுவாக விரித்து மடக்கினார். கண்ணாடியில் வலது கை ஐந்து விரலோடு விரிந்தது. ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "எப்படி இருக்குண்ணா?" என்றேன். "பாக்கும்போது கொஞ்சம் விடுதுடா. கண்ணை எடுத்தா மறுபடி முறுக்கிக்குது" என்றார். பெட்டி இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறது.

1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு அட்டவணை இருந்தது. ஆட்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் இழப்பு. நடுவிரல் 12. கட்டைவிரல் 30. ஒரு கையில் நான்கு விரலும் போனால் 50. பல பத்தாண்டுகளாக விரல்களை இப்படித்தான் எடை போட்டார்கள். பென்ஃபீல்டின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

தெரிந்திருக்க வேண்டிய ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாருக்காவது விரல் துண்டாகிவிட்டால் அதை நேராக ஐஸ் கட்டியில் போடாதீர்கள், கெட்டுவிடும். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து, அடிபட்டவரோடேயே எடுத்துப் போக வேண்டும். நசுங்கிப் போன விரலை ஒட்ட வைப்பது கஷ்டம். சீராக வெட்டுப்பட்டதற்கு வாய்ப்பு உண்டு. ராமச்சந்திரன் படித்த அதே ஸ்டான்லியின் அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே பெயர் பெற்ற பிரிவு இருக்கிறது. 2018-இல் இரண்டு கையும் இழந்த ஒருவருக்கு வேறொருவரின் கைகளைப் பொருத்தியது அங்கேதான்.

இந்த வருடம் இன்பிளான்ட் டிரெயினிங் போகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். யூனியன் அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். போன இடத்தில் எந்த மெஷினில் கூண்டு கழற்றி வைத்திருந்தது, எந்தப் பட்டனில் குச்சி இருந்தது, ஆபரேட்டர் அன்று எத்தனையாவது மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார் என்பதை மட்டும் எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம். முதல் பக்கத்தில் நான் பார்த்ததை எழுதியிருக்கிறேன். பெரியம்மாவிடமும் போய்ச் சொல்லிவிட்டேன்: "தப்பு அண்ணன் மேல இல்ல பெரியம்மா, நான்தான் அன்னைக்குச் சரியாப் படிச்சுச் சொல்லல."